சொந்தக் கத்தரிக்கோல் இல்லாத திருடன்

கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் எங்கள் கூட்டத்தைப் பற்றி இங்கே பலமுறை எழுதியிருக்கிறேன். ஆறு பேர், ஆறு பேரும் பென்ஷன்காரர்கள். பழைய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு திண்டு எங்களுக்கு எழுதி வைத்த சொத்து மாதிரி. அங்கே போன திங்கட்கிழமை நடந்த ஒரு பேச்சு இன்னும் எனக்குச் செரிக்கவில்லை. அன்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். எனக்குக் கோபம் வரவே இரண்டு நாள் ஆகும், வந்தால் எழுதித்தான் தீர்ப்பேன். முப்பத்தைந்து வருஷம் ஃபைலில் நோட்டிங் எழுதிய கை.

எங்கள் கூட்டத்தில் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உண்டு. பேர் வேண்டாம், கணக்கு நண்பர் என்று வைத்துக்கொள்வோம். ஃபோனில் ஏதோ செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தார். ஃப்ளு வைரஸ் உடம்புக்குள் வந்தால் எந்த என்சைம் நம்முடைய எந்தப் புரதத்தை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

“அண்ணே, இதுக்கெல்லாம் கோடிக்கணக்குல பணம். சளிக்காய்ச்சல் மூணு நாள்ல தானா போவும். எந்தக் கத்தரி எந்தத் துணிய வெட்டுச்சுன்னு தெரிஞ்சு என்ன ஆவப்போவுது? அந்தக் காசுல நாலு ஊருக்குத் தண்ணி டேங்க் கட்டலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த கையோடு அவர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். என்சைம் பவுடர். பழங்களிலிருந்து எடுத்ததாம், காலையில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்பூன் போட்டால் எதிர்ப்பு சக்தி பெருகி வைரஸ் கிட்டவே வராதாம். விலை 2,350 ரூபாய். நாலு பேர் அங்கேயே ஆர்டர் கொடுத்தார்கள். தண்ணீர் டேங்க் பேச்சு அத்தோடு நின்றுவிட்டது.

எந்த என்சைம் எதை வெட்டுகிறது என்று தேடுவது வீண் செலவு, என்ன என்சைம் என்றே தெரியாத தூளை விழுங்குவது நல்ல செலவு! இந்தக் கணக்குக்குத்தான் என்னுடைய ஆட்சேபணை.

ஆட்சேபணை எழுதுவதில் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு மைக்ராஸ்கோப் கேட்டு ஒரு ஃபைல் என் மேசைக்கு வந்தது. ‘இதனால் உடனடிப் பயன் என்ன? விளக்கம் தேவை’ என்று எழுதித் திருப்பினேன். விளக்கம் வந்தது. இன்னொரு கேள்வி போட்டேன். மூன்றாம் முறை திரும்பியபோது நிதியாண்டு முடிந்துவிட்டது. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார், நானும் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். ‘உடனடிப் பயன்’ என்ற அந்த இரண்டு வார்த்தைகளின் ருசி எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் விஞ்ஞான மாஸ்டர் ஒரு ரொட்டித் துண்டை மென்று துப்பச் சொல்லி, அதில் அயோடின் ஊற்றிக் காட்டுவார். மெல்லாத ரொட்டி கருநீலமாகும், மென்ற ரொட்டியில் அந்த நிறம் வெளுத்துப்போகும். எச்சிலில் உள்ள ‘தியாஸ்தாஸ்’ மாவுப் பொருளை வெட்டிவிட்டது என்பார். 1833-இல் பாரீஸில் பாயென், பெர்சோ என்ற இருவர் முளைகட்டிய தானியத்திலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. முதன்முதலில் தனியாகப் பிடிபட்ட என்சைம் அதுதான். அதன் வாலில் இருக்கும் ‘ஆஸ்’தான் இன்றைக்குப் பல என்சைம் பெயர்களில் ‘ஏஸ்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. (பிரெஞ்சில் ‘ஆன்சீம்’ ஆண்பாலா பெண்பாலா என்று ஒரு வழக்கு உண்டு. எங்கள் மாஸ்டர் பெண்பால் என்பார். நான் ஆண்பாலில் எழுதி அரை மார்க் இழந்தேன்.)

அந்த மாஸ்டர் சொன்ன ஒரு விஷயம் நினைவிருக்கிறது. கத்தரிக்கோல் நல்லதா கெட்டதா என்று கேட்காதே, யார் கையில் இருக்கிறது, எதை வெட்டுகிறது என்று கேள் என்பார். தூள் விற்பவர்களுக்கு என்சைம் என்றாலே நல்லது. நம் உடம்பிலோ புரதத்தை வெட்டும் என்சைம் மட்டுமே ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்க வைப்பது ஒன்று, ரத்தத்தை உறைய வைப்பது ஒன்று, உறைந்ததைக் கரைப்பது இன்னொன்று, கெட்டுப்போன செல்லைத் தற்கொலை செய்துகொள்ள வைப்பது வேறொன்று. இதில் எதைப் ‘பெருக்க’ வேண்டும் என்று அந்த டப்பாவில் எழுதியிருக்கவில்லை, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

ஃப்ளுவுக்குப் பிரெஞ்சில் ‘லா கிரிப்’ என்று பெயர். பாய்ந்து பிடிப்பது என்ற வினையிலிருந்து வந்த சொல். அந்தப் பிடி எப்படி விழுகிறது என்பதுதான் சுவாரசியம். எச்.ஐ.வி.யும் போலியோவும் கொரோனாவும் புரதம் வெட்டும் கத்தரிக்கோலைத் தாங்களே செய்துகொள்ளும். ஃப்ளு வைரஸுக்கு அந்த வசதி இல்லை. எட்டே துண்டு மரபுப் பொருளை வைத்துக்கொண்டு வரும் பரதேசி அது. அதன் உடம்பின் மேல் முள்முள்ளாக நிற்கும் புரதத்துக்கு ஹீமக்ளூட்டினின் என்று பெயர். அந்த முள்ளை ஒரு குறிப்பிட்ட இடத்தில் யாராவது வெட்டி இரண்டாக்கிக் கொடுத்தால்தான் அது நம் செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டாத முள் செல்லின் மேல் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். செல் அதை உள்ளே இழுத்துக்கொண்டாலும் சுற்றியுள்ள பையை விட்டு வெளியே வரத் தெரியாமல் கிடக்கும். வெட்டிய முள்தான், பைக்குள் அமிலம் ஏறியதும் ஸ்பிரிங் மாதிரி விரிந்து சவ்வைக் குத்தி வழி திறக்கும்.

அந்த வெட்டை யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? நாம்தான், நம்முடைய மூச்சுக்குழலில் இருக்கும் என்சைம்கள்.

1975-இல் ஜெர்மனியின் கீஸன் நகரில் கிளெங்க், ரோட் குழுவினரும், அதே வருஷம் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் லாசரோவிட்ஸ், சாப்பின் இருவரும் இதைத் தனித்தனியே காட்டினார்கள். சோதனைத் தட்டில் வளரும் செல்லிலிருந்து வெளியே வந்த வைரஸ் சோம்பேறியாகக் கிடந்தது. அதில் டிரிப்ஸின் என்ற செரிமான என்சைமைச் சேர்த்ததும் தொற்றும் சக்தி பெற்றுப் பரவியது. இன்றைக்கும் ஆய்வகத்தில் இப்படிச் செல்லில் ஃப்ளு வைரஸை வளர்க்க வேண்டுமானால் பெரும்பாலும் டிரிப்ஸின் சேர்த்துத்தான் வளர்க்கிறார்கள். கணக்கு நண்பர் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும். நல்ல வேளையாக, விழுங்கும் என்சைம் வேறு எந்தப் புரதத்தையும் போல வயிற்றிலும் குடலிலும் பெரும்பாலும் செரிந்துபோகும், நுரையீரலுக்குப் போய்ச் சேராது. டப்பாவில் சொன்னபடி புரதம் வெட்டும் என்சைம் மூச்சுக்குழலில் ‘பெருகினால்’ அது வைரஸுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி ஆகும்.

உடம்புக்குள் இந்தக் காரியத்தைச் செய்யும் ஆசாமி யார் என்று தெரிய மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. 2006-இல் மார்பர்க் நகரத்து ஆய்வாளர்கள் இரண்டு பேரைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். ஒன்றின் பெயர் டிஎம்பிஆர்எஸ்எஸ்2. அரசாணை எண் மாதிரி ஒரு பெயர். 2013-இல் அந்த என்சைம் இல்லாமல் பிறக்க வைத்த எலிகளுக்கு எச்1என்1 வைரஸைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் பிழைத்துக்கொண்டன. அந்த என்சைம் இல்லாததால் அவற்றுக்கு வேறு பெரிய குறையும் தெரியவில்லை. எச்3என்2 வைரஸில் மட்டும் இத்தனை தெளிவான பலன் கிடைக்கவில்லை, அதற்கு வேறு கத்தரிக்கோலும் உதவுகிறது.

கோழிப் பண்ணைகளில் கூண்டோடு சாகிறதே பறவைக் காய்ச்சல், அதன் ரகசியமும் இந்த வெட்டில்தான் இருக்கிறது. சாதாரண ஃப்ளுவின் முள்ளை வெட்டுகிற என்சைம்கள் சில இடங்களில்தான் உண்டு. அந்தக் கொடிய வகையின் முள்ளில் வெட்டுமிடத்தின் அமைப்பு மாறியிருக்கிறது. ஃபியூரின் என்ற என்சைம் அதை வெட்டும், ஃபியூரின் இல்லாத உறுப்பே கிடையாது. ஆகவே வைரஸ் கோழியின் உடம்பெங்கும் பரவும். 1992-இல் இதைக் கண்டுபிடித்தபோதும் யாராவது தண்ணீர் டேங்க் கணக்குப் பார்த்திருப்பார்கள். ஐந்து வருஷம் கழித்து ஹாங்காங்கில் எச்5என்1 மனிதனைத் தொட்டது. 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த வைரஸின் வெட்டுமிடத்தைப் பார்த்து இது எந்தச் சாதி என்று புரிந்துகொள்ள முடிந்தது என்றால், அந்த ‘வீண்’ ஆராய்ச்சி முன்னாலேயே நடந்திருந்ததால்தான்.

இது வைரஸின் புரதத்தை நாம் வெட்டிக் கொடுத்த கதை. கணக்கு நண்பர் சிரித்தது அடுத்த கட்டத்தைப் பார்த்து, அதாவது தொற்று நடக்கும்போது நம்முடைய புரதங்களே வெட்டுப்படுவதைப் பார்த்து.

செல்லுக்குள் காஸ்பேஸ் என்று ஒரு கூட்டம் உண்டு. செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ள வைத்திருக்கும் கத்தரிக்கோல்கள் அவை. வைரஸ் புகுந்த செல் செத்துத் தொலைத்தால் அக்கம்பக்கம் தப்பிக்கும் என்பது ஏற்பாடு. ஆனால் ஃப்ளு அதையும் தன் வேலைக்குத் திருப்பிக்கொள்கிறது. 2003-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் காஸ்பேஸ்-3 வேலை செய்யாமல் தடுத்துப் பார்த்தார்கள். வைரஸ் குறைந்தது. அதன் பார்சல்கள் செல்லின் கருவை விட்டு வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டன. 2009-இல் அதே காஸ்பேஸ்-3, எச்டிஏசி6 என்ற நம் புரதத்தை வெட்டுவது தெரிய வந்தது. இந்த எச்டிஏசி6 இரட்டை வேஷக்காரன். வைரஸ் உள்ளே வரும்போது அதன் பார்சலைப் பிரிக்க உதவுகிறது, குட்டி போட்ட வைரஸ் வெளியே போகும்போது வழியை மறிக்கிறது. இரண்டும் 2014-இல் வெளியான முடிவுகள், வெவ்வேறு ஆய்வகங்களிலிருந்து. வெட்டு எப்போது விழுகிறது, எங்கே விழுகிறது என்று தெரியாமல் இந்தப் புரதம் நமக்கு நண்பனா விரோதியா என்று எப்படிச் சொல்வது?

அந்த வெட்டைக் கண்டுபிடிக்கும் விதம் ஒரு கிளார்க்குக்கு நன்றாகப் புரியும். ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள ஒரு ரெக்கார்டு ரூமில் எலி புகுந்து சிலவற்றைக் குறுக்கே கடித்துவிட்டது என்று வையுங்கள். எந்த ஃபைல், எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? முதலில் அறையில் கிடக்கும் ஒவ்வொரு கட்டின் தலைப்பக்கத்திலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் குத்திவிடு. முழு ஃபைலானாலும் சரி, கடிபட்ட துண்டானாலும் சரி. பிறகு எல்லாவற்றையும் சிறு துண்டாக நறுக்கு. ஸ்டாம்ப் இல்லாத துண்டையெல்லாம் அள்ளிக் கொட்டு. மிஞ்சுவது தலைகள் மட்டும். அவற்றில் ஒன்றாம் பக்கம் இருந்தால் அது அசல் தலை. 57-ஆம் பக்கம் தலையாக நின்றால் அங்கேதான் எலி கடித்திருக்கிறது. கனடாவின் வான்கூவரில் ஓவரால் என்பவரின் ஆய்வகம் 2010-இல் வெளியிட்ட முறை ஏறக்குறைய இதுதான். ஸ்டாம்புக்குப் பதில் ஒரு ரசாயனப் பூட்டு, பக்க எண்ணைப் படிக்க நிறைமாலை அளவி என்ற இயந்திரம். நறுக்குவதற்கு அதே டிரிப்ஸின்! அதற்குப் பிறகும் விடமாட்டார்கள். வெட்டு விழுந்த இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி வைத்து, இப்போது வெட்டு விழவில்லை என்று பார்த்தபிறகே காஸ்பேஸ் மேல் குற்றப்பத்திரிகை. நான் எழுதிய ஆட்சேபணைகளில் ஒன்றுகூட இத்தனை சரிபார்ப்பைத் தாண்டியிருக்காது.

சரி, பயன்? கேள்வி நியாயமானதுதான், பதிலுக்குக் காத்திருக்கத் தயாராக இருப்பவர் கேட்டால். எச்.ஐ.வி.யைப் பாரீஸின் பாஸ்தர் இன்ஸ்டிட்யூட்டில் கண்டுபிடித்தது 1983. அதன் சொந்தக் கத்தரிக்கோல் எங்கெங்கே வெட்டுகிறது என்று பார்த்து, அந்த வாயில் ஆப்பு வைக்கும் முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது 1995. ஃப்ளுவின் நியூராமினிடேஸ் என்ற இன்னொரு என்சைம் புரதத்தை விட்டுவிட்டுச் சர்க்கரையை வெட்டும். அதன் வடிவத்தை ஆஸ்திரேலியாவில் படம் பிடித்து வெளியிட்டது 1983, அதை அடைக்கும் மருந்துகள் கடைக்கு வந்தது 1999. கணக்கு நண்பர் கேள்விப்பட்டிருக்கும் டாமிஃப்ளு அதில் ஒன்று. பதினாறு வருஷம் யாரோ ஒருவர் ‘உடனடிப் பயன் என்ன’ என்று எழுதாமல் விட்டிருக்கிறார், அவருக்குக் கும்பிடு.

தோற்றதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. கொரோனா வந்தபோது அதுவும் அதே டிஎம்பிஆர்எஸ்எஸ்2-வைப் பயன்படுத்துகிறது என்று 2020-இல் ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் காட்டினார்கள். கணைய அழற்சிக்கு ஜப்பானில் கொடுக்கும் காமோஸ்டாட் என்ற மாத்திரை அதைத் தடுக்கும் என்று நம்பிக்கை பிறந்தது. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. பலனில்லை என்று அவர்களே எழுதி வெளியிட்டார்கள். ‘எங்கள் தூளைக் கொடுத்துப் பார்த்தோம், ஃப்ளு வரத்தான் செய்தது’ என்று எந்த டப்பாக்காரர் எழுதியிருக்கிறார்?

‘மூணு நாள்ல தானா போவும்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். இதைத்தான் என்னால் விட முடியவில்லை.

என் அக்காவுக்கு 79 வயது. போன வருஷம் ஐப்பசி மழையில் காய்ச்சல். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட வலி, வறட்டு இருமல். “தம்பி, டாக்டர்கிட்ட போலாமாடா?” என்று கேட்டாள். சாதாரண சளிதான், மழையில் எங்கே போய் அலைவது என்று சொன்னவன் நான். தெருமுனை மருந்துக் கடையில் கேட்டு மூன்று அசித்ரோமைசின் வாங்கிக் கொடுத்ததும் நான். பக்கத்து வீட்டு அம்மாள் இதே மாதிரி ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தபோது, இருக்கட்டும், கெடுதல் இல்லை என்றதும் நான்.

2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது நம் புதுச்சேரியிலேயே எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் பள்ளிக்கூடத்தை மூடினார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதமே இந்திய மருத்துவச் சங்கம் இந்தக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள் என்று அறிக்கை விட்டது. பேப்பரில் படித்து இந்தத் திண்டில் உட்கார்ந்து நான்தான் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்பியது. ஆறாம் நாள் உதடு நீலம் பாரித்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் நாலு நாள் ஆக்சிஜன். ஃப்ளுவுக்குப் பின்னால் பாக்டீரியா வந்து நிமோனியா ஆகிவிட்டது என்றார் டாக்டர். டாமிஃப்ளு மாதிரி மருந்து முதல் இரண்டு நாளில் கொடுத்தால்தான் நன்றாகப் பேசும் என்றும் சொன்னார். குறை சொல்லும் தொனியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். 1987-இல் வந்த ஒரு ஆய்வு என்னை உட்கார வைத்துவிட்டது. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் சில வகைகள் வெளியே விடும் என்சைமே ஃப்ளு வைரஸின் முள்ளை வெட்டிக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து தொற்றிய எலிகளுக்கு நிமோனியா முற்றியது. ஒரு திருடன் கதவைத் திறக்க இன்னொரு திருடன் கடப்பாரை கொடுக்கிறான். 1918-இல் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனதும் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியாதான் என்று பழைய திசுக்களைச் சோதித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் அக்காவுக்குத் தேவைப்பட்டது உண்மை. எது, எப்போது, எத்தனை நாள் என்று தெரிந்தவர் கொடுக்க வேண்டியிருந்தது. நான் முதல் நாளே வாங்கிக் கொடுத்த மூன்று மாத்திரை எதற்கும் உதவவில்லை.

அக்கா இப்போது மாடி ஏறுவதில்லை. பூஜை அறை மாடியில், அவள் கட்டில் கீழே. சாமி படத்தைக் கீழே கொண்டுவந்து மாட்டியிருக்கிறோம். ‘தானா போன’ சளிக்காய்ச்சல் விட்டுப் போன மிச்சம் இது.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஃப்ளு ஊசி போட்டுக்கொண்டோம். ஒரு ஊசி 1,800 ரூபாய், தூளைவிட 550 குறைவு. வருஷா வருஷம் வைரஸ் முகம் மாற்றுவதால் வருஷா வருஷம் போட வேண்டும், போட்டாலும் வரவே வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. வந்தால் ஆஸ்பத்திரி வரை போகும் வாய்ப்பைக் குறைக்கும் என்றார்கள். இப்படி அடக்கமாகப் பேசுவதால்தான் ஊசிக்கு ஆள் வருவதில்லையோ என்னவோ. டப்பா அப்படிப் பேசாது. அது ‘கிட்டவே வராது’ என்று பேசும்.

கணக்கு நண்பருக்கு ஒரு வேண்டுகோள். உம்முடைய டப்பாவில் இருப்பது எந்த என்சைம், அது எதை வெட்டுகிறது, வயிற்றைத் தாண்டி எவ்வளவு மிஞ்சுகிறது, எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கொடுக்காத எத்தனை பேரோடு ஒப்பிட்டார்கள் என்று அந்தக் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதும். வாழ்நாள் முழுக்க வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் பாஸ் பண்ணாத மனிதர் நீர். பதிலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாரும். காலை ஆறு மணிக்கு அதே திண்டில்தான் இருப்பேன். ஆர்டர் கொடுத்த நாலு பேரையும் அதுவரை பணம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.